உப்புப் பாத்திக்குப் பயன்

ஆவணி 9

குழாயில் இன்றும் தண்ணீர் வரவில்லை. கீழ்க்கடையின் தொட்டியிலிருந்து மகள் பவானி இரண்டு வாளி மொண்டு மாடிக்குத் தூக்கி வந்தாள். நீராடித் திருநீறு தரித்துப் புறப்படவே வெயில் ஏறிவிட்டது. சோதனைச் சாவடியில் பேருந்தை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் வடக்கூர்ப் பெயர் உள்ளவர்களைத் தனியே நிறுத்தினார்கள். என் மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைச் சிப்பாய் பிரித்து மோந்து பார்த்துத் தும்மினான். அந்தத் தும்மலுக்கும் என்னையே முறைத்தான்.

எழுபத்தொரு வயதுவரை நான் படமாளிகைப் படி மிதித்தவனல்லன். ஐம்பொறிகளையும் அவிழ்த்துவிடும் களியாட்டம் என்பதே அதைப் பற்றிய என் எண்ணம். இந்தச் சித்திரையில், படப் பார்வைக் குழுவுக்குத் தமிழ் கற்ற பெரியவர் ஒருவர் வேண்டுமென்று கேட்டு வந்தார்கள். நான் மறுத்தேன். "போங்கோ அப்பா, முத்திரை குத்தின அட்டை ஒண்டு தருவினம். றோட்டிலை உதவும்" என்று பவானிதான் அனுப்பிவைத்தாள். அட்டை கிடைத்தது. றோட்டில் இதுவரை உதவவில்லை.

இன்று காட்டியது ஒரு வெளிநாட்டுப் படம். ஒருவன் மரக்கதவொன்றை முதுகில் சுமந்துகொண்டு பாலைவனத்தைக் கடக்கிறான். பொழுது சாயும்போதெல்லாம் கதவை மணலில் நட்டுத் தட்டுகிறான். யாரும் திறப்பதில்லை. அவன் வெளிப்புறத்திலேயே படுத்துக்கொள்கிறான். பேச்சில்லை, பாட்டில்லை. தலைவர் இருமுறை கொட்டாவி விட்டார். நானோ இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். பிரிவைப் பாடிய நம் பழைய புலவர்கள் சுரத்தையும் வெயிலையும் உலர்ந்த மரத்தையும் மட்டுமே காட்டிவிட்டு விலகி நிற்பார்கள். இந்த அந்நியனும் அதைத்தான் செய்கிறான். துயரத்தை அவன் சொல்லவில்லை. துயரம் கிடக்கும் நிலத்தைக் காட்டுகிறான்.

முடிவில் கதவு திறக்கிறது. ஆடையில்லாத பெண்ணொருத்தி வெளியே வந்து, நண்பகல் வெயிலில் அவனைக் கடந்து நடந்துபோகிறாள். "இதை வெட்டிவிட வேண்டியதுதான்" என்றார் தலைவர். அவர் பேசுவது எப்போதும் ஆங்கிலத்தில்தான். நான் எழுந்தேன். தாருகாவனத்துக்கு ஆடையின்றி வந்தவனை நாங்கள் தேரில் வைத்து இழுக்கிறோம், அவனைப் பார்த்து எங்களில் ஒருவனும் கெட்டுப்போனதில்லை என்றேன். அங்கிருந்து தொடங்கிக் கதவுக்கும் மணலுக்கும் அவள் நடைக்கும் பயன் சொன்னேன். தலைவர் வியந்துபோனார். படம் வெட்டின்றித் தேறியது.

குழுவில் படைத்தரப்புக்காக ஒரு மேஜர் இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். வடக்கில் இருந்தபோது தமிழ் பழகியவர். கன்னத்தில் கைவைத்து அசையாமல் கேட்டார். வாசலில், "ஐயா சொன்ன பிறகுதான் நான் படம் பார்த்த மாதிரி இருக்கு" என்றார்.

ஆவணி 13

கோயிலில் புராண படிப்புத் தொடங்கியது. என் ஊர்க்காரரான சோமாஸ்கந்தர்தான் வாசிப்பு. அவர் செய்யுளை இராகத்தோடு வாசித்து நிறுத்துவார். நான் பயன் சொல்வேன், பொருளை விரித்து உரைப்பேன். நாற்பது ஆண்டுகளாக எங்களுக்குள் இந்த ஒழுங்கு. பயன் சொல்லாமல் ஒரு செய்யுளைக் கடந்து போவது எங்கள் வழக்கில் குற்றம். செய்யுள் காத்துக்கொண்டு நிற்கும் என்பார் என் ஆசிரியர்.

"என்ன பண்டிதர், உடுப்பில்லாத படமெல்லாம் பாத்துத் திரியிறீராம்?" என்று சோமாஸ்கந்தர் பீடத்திலேயே காதைக் கடித்தார். "எனக்கும் ஒரு ரிக்கற் எடுத்துத் தாருமன்."

"வாசியும் காணும்" என்றேன்.

ஆவணி 21

காவற்காரன் ஒருவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் காட்சியைத் தலைவர் இன்று ஒரு நகைச்சுவைப் படத்திலிருந்து வெட்டுவித்தார். போர்க்காலத்தில் சீருடை வழுக்கலாகாது. போன கிழமை ஒரு வகுப்பறைக் காட்சி போயிற்று. சுவரிலிருந்த தேசப்படத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்ததாம்.

ஆனால் தணிக்கை என்ற சாட்டில் இந்த மண்டபம் எனக்குக் காட்டும் படங்களோ! பீரங்கிக் குழாய்க்குள் கூடு கட்டும் குருவியை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டேயிருக்கும் ஒரு படம். இறந்தவர்களே ஊர்ச்சபை கூட்டி உயிரோடிருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் இன்னொன்று. பைத்தியக்காரர் எடுத்தவை என்கிறார்கள். துணிந்தவர்கள் எடுத்தவை என்பேன். என் வாழ்நாளில் ஒரு கலையை முழுதாகத் தவறவிட்டேனே என்று பவானியிடம் சொன்னேன். "அரிசி முடிஞ்சுது அப்பா" என்றாள்.

புரட்டாதி 2

மாலையில் ஒரு பெண் வந்தாள். பெயர் நிமலினி. முப்பத்தைந்து வயதிருக்கும், கறுத்த சட்டகக் கண்ணாடி, தோளில் துணிப்பை. 'மாரிக்கு முன்' என்ற படத்தை எடுத்தவள். நாளை மறுநாள் எங்கள் குழுவுக்கு வருகிறது. குழு உறுப்பினரைத் தேடி வீட்டுக்கு வருவது முறையன்று என்று முதலிலேயே சொன்னேன்.

"தெரியும் ஐயா. நீங்கள் அந்தக் கதவுப் படத்துக்குச் சொன்ன விளக்கத்தைப் படம் ஓட்டுற ஒப்பரேற்றர் எனக்குச் சொன்னவர். அதுதான் ஓடி வந்தனான்."

"பக்கச்சார்பு என்னட்டை எதிர்பாராதையும், பிள்ளை. படம் நல்லதெண்டால் நானே சொல்லுவன்."

"ஐயோ வேண்டாம். அதைத்தான் கேக்க வந்தனான். நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருந்தாக் காணும்."

எனக்குச் சினம் வந்தது. காரணம் கேட்டேன்.

"அவையளுக்கு விளங்காது. விளங்காட்டி, அறுவைப் படமெண்டு முத்திரையைக் குத்தி விட்டிடுவினம். முத்திரை விழுந்தா அடுத்த நாளே பிரதியை வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பிப்போடுவன். அங்கை வைச்சுச் சொல்ல வேண்டியதை நான் சொல்லுவன்." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "உங்களுக்கு விளங்கும் ஐயா. அதுதான் எனக்குப் பயம்."

"விளங்கிறதிலை பயப்பட என்ன இருக்கு?"

"அதை வாயாலை சொல்லலாமெண்டால் நான் படம் எடுத்திருக்க மாட்டன்."

தேநீரைக் குடிக்காமலே போய்விட்டாள்.

புலவன் உரைகாரனைப் பார்த்து வாயை மூடு என்று சொன்னதாக எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் கைவேலையில் அத்தனை அவநம்பிக்கை. கதவுப் படத்தைக் காப்பாற்றியது என் சொல் அல்லவா? பவானி கோப்பையை எடுத்தபடி, "பாவம் அப்பா அது. பேசாமல் இருங்கோவன்" என்றாள். வாக்கு எதுவும் நான் கொடுக்கவில்லை. அதை இங்கே குறித்துவைக்கிறேன்.

புரட்டாதி 4

இன்றைய நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

படம் ஓடியது ஒன்றேகால் மணி நேரம். கிழக்குக் கரையில் ஓர் உப்பளம். நடுவயதுப் பெண்ணொருத்தி. நடிகையல்லள், அந்த இடத்துப் பெண்தான் என்று கையைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் கிணற்றடியில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைத் தோய்த்துக் கொடியில் போடுகிறாள். சட்டைக்கு உரியவன் வருவதில்லை. உப்பு விளைகிறது. ஆட்கள் வரிசையாக நின்று பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கிறார்கள். விடிகிறது, அவள் மீண்டும் சட்டை தோய்க்கிறாள். பேச்சென்று ஒரு சொல்லும் இல்லை. காற்றின் ஓசையும் பலகை உரசும் ஓசையும் மட்டும்.

விளக்கைப் போட்டபோது தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூக்கத்தினால். மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தீங்கு ஒன்றுமில்லை. படம் என்றும் ஒன்றுமில்லை" என்றார் தலைவர். எழுதுவினைஞர் முத்திரையை மைத்தட்டில் வைத்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. அதையும் குறித்துவைக்கிறேன். அதுவரை நான் வாய் திறக்கவில்லை.

அப்போது தலைவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்ன பண்டிதரே, வெளிநாட்டான் கதவுக்கு அத்தனை சொன்னீர்கள். உங்கள் தமிழில் காட்ட மிஞ்சியது உப்பும் ஓர் அழுக்குச் சட்டையும்தானா?"

செய்யுளை வாசித்து நிறுத்திவிட்டார்கள். அது காத்துக்கொண்டு நின்றது.

நான் எழுந்தேன். ஒரு சட்டை அன்று, ஏழு சட்டைகள் என்றேன். ஒன்றின் பை கிழிந்தது, ஒன்றின் கழுத்துப்பட்டி மடிந்தது, ஒன்று பள்ளிச் சட்டை. ஒரே சட்டை என்று எண்ணுகிறவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. அடுத்து, எல்லாப் பாத்தியிலும் உப்பை இழுக்கிறார்கள், ஒன்றில் மட்டும் இழுப்பதில்லை. பலகைகள் அதன் வரம்புவரை வந்து விலகிப் போகின்றன. உப்பு அங்கே கல்லாக இறுகுகிறது. அவள் விடியலில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து அந்தப் பாத்தியின் மூலையில் வார்க்கிறாள். நல்ல தண்ணீர் உப்பைக் கெடுக்கும். உப்பளத்தில் வாழ்கிறவளுக்கு அது தெரியாதா? பக்கத்தில் நிற்கும் ஆட்களுக்குத் தெரியாதா? ஒருவரும் தடுக்கவில்லையே! வார்க்கும் கையைப் பாருங்கள். விரல் நுனியால் அன்று. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் விழுகிறது நீர். தேவர்க்கு அப்படி வார்ப்பதில்லை. காலை நிழல் அவளுக்கு வலப்புறம் விழுகிறது. ஆகவே அவள் நிற்பது தெற்கு நோக்கி. தென்திசை யாருடையது? இறந்தோருடையது. இது தர்ப்பணம். உப்பின் கீழே ஏழு பேர் கிடக்கிறார்கள். ஒரு பெயரில்லை, ஒரு பிணமில்லை, ஒரு கண்ணீர்த் துளியில்லை. நம் அகப்பாட்டில் மாந்தர் பெயரைச் சொல்லாது விடும் மரபு உண்டு. அந்த மரபைப் படச்சுருளில் கண்டது இன்றுதான் என்றேன்.

எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. தொண்டை கட்டிவிட்டது. மண்டபத்தில் ஓர் அசைவில்லை. இத்தகைய அமைதி கோயிலில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

மேஜர் கடிகாரத்தை மறந்து, முன்னே சாய்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்: "எந்தப் பாத்தி ஐயா?"

"பனங்கட்டை ஒன்று நிற்கிறதே, அதற்குத் தெற்கே நான்காவது" என்றேன்.

"ரொம்பப் பெரிய விஷயம் ஐயா" என்றார். எழுதுவினைஞரைப் பார்த்து ஏதோ சொன்னார். மைத்தட்டின் மூடியை எழுதுவினைஞர் மூடினார். மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டியிருப்பதால் பிரதி குழுவிடம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

மீண்டும் பார்க்கத் தகுந்த படந்தான். இந்த நகரத்தில் அவரைப்போல் கேட்கத் தெரிந்தவர் அரிது.

புரட்டாதி 5

தொண்டை வலி. பவானி கொத்தமல்லி அவித்துத் தந்தாள். மண்டபத்தில் நடந்ததைச் சொன்னேன். நான் குடித்துவிட்டுக் கொடுத்த பேணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அந்தப் பிள்ளை சொல்ல வேண்டாமெண்டல்லோ கேட்டது?"

"நான் புகழ்ந்துதான் சொன்னனான்."

"ஓம். புகழ்ந்துதான்" என்று உள்ளே போனாள்.

புரட்டாதி 11

சாவடியில் பேருந்தை நிறுத்தினார்கள். என் அட்டையை வாங்கிய சிப்பாய் அதிலிருந்த பெயரை ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று சலாம் வைத்தான். "சேர் இறங்க வேண்டாம்" என்றான். மற்றத் தமிழர்கள் கீழே வெயிலில் நின்றபடி என்னை அண்ணாந்து பார்த்தார்கள். நான் சன்னலை மூட முயன்றேன். சன்னல் இறுகிக் கிடந்தது.

நகரில் தங்குவதற்கான பவானியின் பொலிஸ் பதிவும் ஒரே நாளில் முடிந்ததாம்.

புரட்டாதி 19

நிமலினியைப் பிடித்துப் போய்விட்டார்கள். மூன்று நாளாயிற்றாம். பகல் வெளிச்சத்தில், பேக்கரியில் பாண் வாங்க நின்ற இடத்தில். பவானி சந்தையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தேங்காயைத் துருவியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

எடுத்த படத்தின் பொறுப்பு எடுத்தவருக்கு உரியது. அவள் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்ன இடம், இன்ன செய்தி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் என்ன, ஊமையாக இருக்கத் தெரியாதவனா? தலைவரும் அப்படிக் கேட்டிருக்கலாகாது. ஒரு மொழியையே இகழ்ந்து பேசினால் எவனுக்குத்தான் பொறுக்கும்?

குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு தொட்டியும் நிறைத்தாயிற்று.

புரட்டாதி 27

பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் நாலே வரி. கிழக்குக் கரை உப்பளத்தின் ஒரு பகுதி, முகாமுக்குப் புதிய பாதை அமைப்பதற்காக மண் நிரப்பி மட்டப்படுத்தப்பட்டுள்ளது. பிரதேச மக்களின் நீண்டநாட் கோரிக்கை நிறைவேறியதாம்.

நான் பாத்தியைச் சொன்னேன். மண்ணைக் கிளறும்படி சொல்லவில்லை.

ஐப்பசி 3

கதவைத் தட்டும் ஓசை கேட்டுத் திறந்தேன். வாசலில் நின்றவளின் முகம் உடனே பிடிபடவில்லை. கையைப் பார்த்தேன். படத்திலிருந்த கை.

அன்னப்பிள்ளை என்று பெயர் சொன்னாள். காணாமற்போனவர்களைப் பதியும் வெளிநாட்டுக்காரர் அலுவலகம் ஒன்றுக்கு வந்தாளாம், மகனுக்காகவும் இப்போது நிமலினிக்காகவும். என் வீட்டை அவளுக்கு எவர் காட்டினாரோ. இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள் பவானி. அதை வாங்கிக் குடித்தாள்.

"நீங்கதானா அந்தப் படிச்ச ஐயா?"

"ஓம் அம்மா."

"நான் தண்ணி ஊத்தினத ஏன் ஐயா சொன்னீங்க?"

நான் நாற்காலியை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எங்கட ஊர்ல எல்லாருக்கும் தெரியும். உப்பு இழுக்கிற ஆக்களுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், ஆட்டுக்காரப் பொடியனுக்கும் தெரியும். ஒருத்தரும் ஒரு நாளும் வாய் துறக்கல்ல. வாய் துறக்காததாலதான் ரெண்டு வருஷமா அதுகள் அங்க நிம்மதியாக் கிடந்ததுகள். இப்ப அதுல லொறி ஓடுது."

எனக்கு ஆறுதல் சொல்லுவதுபோல் குரலைத் தணித்தாள். "அந்தப் பிள்ள எல்லா வீட்டுலயும் சட்டை கேட்டு வாங்கிச்சு. தாய்மார் எல்லாரும் குடுத்தாளுகள். நான்தான் என்ட மகன்ட சட்டையக் குடுக்கல்ல. தோச்சா மணம் போயிரும்."

படியிறங்கும்போது திரும்பி, "அவவ விடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. நீங்க சொன்னாக் கேப்பாங்களாமே" என்றாள்.

பூசைக்கு உட்கார்ந்தேன். உத்தரணியில் நீரெடுத்தவுடன் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். தீபம் அணைந்து பவானி வந்து எழுப்பினாள்.

ஐப்பசி 6

மேஜரைக் காணப் போனேன். காத்திருக்க வைக்கவில்லை. எழுந்து வந்து கைகூப்பினார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அன்று நான் சொன்னதெல்லாம் பிழை என்றேன். வயது முதிர்ந்தவன், பாட்டிலும் புராணத்திலும் ஊறிய புத்தி, இல்லாத பொருளையும் இருப்பதாகக் காணும். அந்தப் படத்தில் உப்பைத் தவிர ஒன்றுமில்லை. எடுத்தவள் ஒன்றும் அறியாத பெண். எங்கு வேண்டுமானாலும் எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

என் வாழ்நாளில் என் உரையை நானே மறுத்தது இதுவே முதல் முறை. நம்பும்படியாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "ஐயா ஏன் தன்னைத்தானே குறைச்சுப் பேசுறீங்க? ஐயா சொன்னது சரி. நாங்க போய்ப் பார்த்தோம். பனங்கட்டைக்குத் தெற்கே நாலாவது பாத்தி. அதே மூலை." ஒரு மாணாக்கன் ஆசிரியரிடம் தயக்கத்தோடு திருத்தம் சொல்வதுபோலச் சிரித்தார். "ஒண்டே ஒண்டுதான் பிழை. ஏழு இல்ல ஐயா. எட்டு."

மின்விசிறியை இன்னும் சற்று என் பக்கம் திருப்பினார்.

"இப்ப அங்க ஒண்டும் இல்ல. ஐயா அதைப் பத்தி யோசிக்க வேண்டாம்."

"அந்தப் பிள்ளை?"

"விசாரணை முடிஞ்சாப் போவா."

"எப்போது முடியும்?"

பணியாள் தேநீர் கொண்டுவந்து வைத்தான். "ஐயாவுக்குச் சீனி காணுமா?" என்று கேட்டார் மேஜர்.

போதும் என்றேன். குடித்தும் முடித்தேன்.

ஐப்பசி 7

மழை.

ஐப்பசி 20

கோயிலில் ஆறு நாட் படிப்புக்கு இன்று முதல் நாள். சோமாஸ்கந்தர் வாசித்து நிறுத்தினார். போர்க்களத்தில் விழுந்து கிடப்போரைச் சொல்லும் செய்யுள். சொற்களெல்லாம் எனக்கு முன்னால் வரிசையாக நின்றன. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூணோரத்தில் சாய்ந்து நின்ற அந்நிய முகம் ஒன்றைப் பார்த்தேன். அவன் பூ விற்பவனாகவும் இருக்கலாம்.

சோமாஸ்கந்தர் அதே செய்யுளை மறுபடியும் வாசித்தார். பிறகு தாமே நாலு சொல்லில் ஏதோ பொருள் சொல்லி ஒப்பேற்றி, அடுத்ததற்குப் போனார்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது என் தோளில் கைவைத்தார். "மறதியோ பண்டிதர்? எனக்குமடாப்பா, நேற்று மனிசியின்ரை பேர் வரேல்லை" என்றார். அவர் பகிடிக்கு எப்போதும் சிரிப்பேன். மறதி என்றே எல்லோரும் எண்ணட்டும்.

ஐப்பசி 29

குழுவிலிருந்து விலகுவதாகத் தலைவரிடம் சொன்னேன். இந்தக் காலத்தில் விலகினால் ஏன் விலகினார் என்று நாலு பேர் கேட்பார்கள் என்றார். அன்பாகத்தான் சொன்னார். பவானியின் பதிவை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

நிமலினியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அன்னப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டாள். போகுமுன் ஒருதரம் வந்து கீழ்க்கடையில் விசாரித்தாளாம். நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவளே சொன்னாளாம்.

கார்த்திகை 8

இன்று ஒரு தமிழ்ப் படம், இருபது நிமிடம். வடக்கிலிருந்து வந்த ஒருவன் எடுத்தது. அவனை நான் கண்டதில்லை. கண்டிருந்தால் நானே அவன் காலில் விழுந்து, இதை எங்களுக்குக் காட்டாதே என்று கேட்டிருப்பேன்.

விடுமுறை நாளில் ஒரு பள்ளிக்கூடம். முற்றத்தில் ஊஞ்சல் ஒன்று ஆளில்லாமல் ஆடுகிறது. கிழவர் ஒருவர் மாமரத்தின் கீழே சருகு கூட்டுகிறார். கூட்டிய சருகை ஒரே இடத்தில் குவிப்பதில்லை. கிணற்றைச் சுற்றிப் பரப்புகிறார். ஊஞ்சல் மறுபடியும் ஆடுகிறது. அவ்வளவுதான்.

முதற் காட்சியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்ன விளங்கியது என்பதை இங்கேயும் எழுத மாட்டேன். எழுதாமல் விடுவது இந்தக் குறிப்பில் இதுவே முதல் முறை. இந்த ஏழு மாதங்களில் இப்படியொரு படத்தை நான் பார்க்கவில்லை. கைகளைத் தொடைகளின் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வந்தது. "பண்டிதரே?" என்றார் தலைவர்.

"எனக்கு விளங்கவில்லை" என்றேன்.

"ஒன்றுமே?"

"ஒன்றுமே விளங்கவில்லை. வெறும் படம். யாரோ சிறுபிள்ளை விளையாட்டாக எடுத்திருக்கிறான்."

தலைவர் சிரித்தார். பண்டிதருக்கே விளங்காவிட்டால் நாட்டில் வேறு எவனுக்கு விளங்கப்போகிறது என்றார். எழுதுவினைஞர் மைத்தட்டைத் திறந்தார். முத்திரையைக் கையிலெடுத்தார். அம்பிகையே, விழட்டும் என்று நான் உள்ளே சொல்லிக்கொண்டேன். வாழ்நாளில் நான் செய்த வழிபாடு எல்லாவற்றுக்கும் கூலியாக அந்த ஒரு முத்திரையைக் கேட்டேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் மேஜர்.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கைவைத்து, முதல் நாள் கேட்டுக்கொண்டிருந்த அதே மரியாதையோடு.

"ஐயாவுக்கு விளங்கல்லயா? அப்ப இதுல நிறைய இருக்கணும்." எழுதுவினைஞரைக் கையமர்த்தினார். "அந்த ஊஞ்சல் ரெண்டு தரம் வந்தது ஐயா. முதல் தரம் காத்துல ஆடுது. ரெண்டாந்தரம் மரத்துல இலை அசையல்ல. ஆனா ஊஞ்சல் ஆடுது. ஐயா அதைக் கவனிச்சீங்களா?"

நான் கவனித்திருந்தேன்.

"கவனிக்கவில்லை" என்றேன்.

"பரவாயில்ல. ஐயா களைச்சுப் போயிருக்கீங்க." படம் ஓட்டுபவரின் பக்கம் கையை உயர்த்தினார். "முதல்ல இருந்து திரும்பப் போடுங்க. நான் பார்க்கிறேன்."

விளக்கு அணைந்தது. இம்முறை நான் திரையைப் பார்க்கவில்லை. திரையின் வெளிச்சம் விழுந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊஞ்சல் ஆடியபோது அவர் தலை மெல்ல அசைந்தது. கிழவர் கிணற்றடிக்குப் போனபோது அவர் முன்னே சாய்ந்தார். அவருக்கு விளங்கிக்கொண்டிருந்தது.